வாசலில் கூப்பிடாத பெயர்

என்னைத் தூக்கி வளர்த்த கோமதி அக்காவுக்கு,

போன வெள்ளிக்கிழமை நம் வீட்டு வாசலில் நின்று, இந்தக் குடும்பத்தில் செத்துப்போன பெண்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உன்னைக் கூப்பிடவில்லை. மறந்து விட்டுப்போனதல்ல, அக்கா. தெரிந்தே விட்டார்கள். நடந்த தப்பு இதுதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

நம் தம்பி ராமுவின் பெண் அஞ்சுவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நல்ல சேதியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், கோபம் முந்திக்கொண்டது. பையன் ஆலுவாக்காரன், களமசேரியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறான். பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜியை விட்டுவிட்டு, இரண்டு தரம் பாகற்காய் வறுவல் கேட்டு வாங்கித் தின்றான். உனக்குப் பிடித்துப்போயிருக்கும். நீ போன பிறகு இந்த வீட்டில் நடக்கிற முதல் கல்யாணம் இது. கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் சுமங்கலிப் பிரார்த்தனை உண்டு அல்லவா, அதைச் செய்தார்கள்.

அது என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புருஷன் உயிரோடு இருக்கும்போதே கண்மூடிய பெண்களுக்கு நம்மவர்கள் செய்கிற மரியாதை அது. புதுப் புடவை ஒன்றை நனைத்து உலர்த்தி மணையின் மேல் வைப்பார்கள். வந்திருக்கிற பெண்களுக்கு இலை போடும்போது, கண்ணுக்குத் தெரியாமல் வரப்போகிறவர்களுக்கும் ஓர் இலை போடுவார்கள். வடை, போளி, பாயசம், சுக்கு வெல்லம் எல்லாம் அந்த இலைக்கும் உண்டு. நம் வீட்டு வழக்கப்படி, பரிமாறுவதற்கு முன்னால் மருமகள் வாசற்படியில் நின்று, தெருவைப் பார்த்து, ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைக்க வேண்டும்.

ராமுவின் பெண்டாட்டி லலிதா அழைத்தாள். முதலில் நம் அம்மா. பிறகு பெரியம்மா, அத்தை. பிறகு, "விஜயம் மன்னி, வாங்கோ" என்றாள். விஜயம் என் மனைவி. அவளுக்கு அழைப்பு கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது ஏன் கிடைத்தது என்று யோசித்துப் பார், அக்கா. நான் சாகாமல் இருக்கிறேன், அதனால் கிடைத்தது. அவளுக்கு முன்னால் நான் போயிருந்தால் அவளுக்கும் இலை கிடையாது, புடவை கிடையாது. என் சர்க்கரை மாத்திரை அவளுக்கு வாங்கிக் கொடுத்த மரியாதை அது. நாற்பது வருஷம் என்னோடு மல்லுக்கட்டிக் குடித்தனம் நடத்தியதற்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

உனக்கு ஒருவர் வாய்த்தார். திருப்பூணித்துறையில் ஒரு வருஷம்கூட முழுசாக வாழவில்லை, ஜுரத்தில் போய்விட்டார். அவர் முகமே சரியாக நினைவில் இல்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். நினைவில் இல்லாத அந்த மனுஷர் செத்துப்போன தேதி, நீ போன பிறகும் உன்னை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. ஒரு பெண்ணின் மதிப்பை ஒரு ஆண் எப்போது செத்தான் என்பதை வைத்தா கணக்கிடுவது?

லலிதா எல்லாப் பேரையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில், "பேர் தெரிஞ்சவா, தெரியாதவா, எல்லாரும் வாங்கோ" என்றாள். அதுவும் வழக்கம்தான். யாரென்றே தெரியாத, எந்தக் காலத்திலோ வாழ்ந்துபோன பெண்களுக்குக்கூட இடம் இருக்கிறது. இந்தத் தெரு முழுவதற்கும் பேர் தெரிந்த கோமதிக்கு இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் காரியத்தில் ஆண்கள் தலையிடக் கூடாது என்பார்கள். நான் தலையிட்டேன்.

முறை சொல்லிக் கொடுக்கப் பாலக்காட்டிலிருந்து லலிதாவின் சித்தி சீதா வந்திருந்தாள். அவளிடம்தான் கேட்டேன்.

"அக்கா பேர் விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலை. அவா இதுல சேர மாட்டா. உங்களுக்குத் தெரியாதா என்ன?"

"தெரியறதுனாலதான் கேக்கறேன். அம்மா போனப்போ ராமுவைப் பத்து நாள் கொழந்தையா எடுத்து வளத்தது யாரு? அந்த ராமுவோட பொண்ணுக்குத்தானே இப்போ கல்யாணம்?"

"வளத்தது புண்ணியம். யார் இல்லைன்னா? ஆனா இது சுமங்கலிகளுக்கு. முறையை மாத்தி, நாளைக்குக் கொழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்களா வந்து நிப்பேள்?"

அந்தக் 'கொழந்தை' அஞ்சு, கையில் மருதாணியோடு அங்கேதான் நின்றிருந்தாள். நான் ராமுவைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். போளி சாப்பிடவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. லலிதாவின் போளி நன்றாக இருக்கும்.

ஹம்சாவின் சாயாக்கடையில் போய் உட்கார்ந்தேன். கொச்சங்காடிப் பக்கத்து மிளகுக் கிடங்கில் நான் வேலை பார்த்த காலத்திலிருந்தே பழக்கம். என் முகத்தைப் பார்த்ததும், "எந்தா சாமி, கல்யாண வீட்ல சோறு தரலையா?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். பிறகு கேட்டேன்: "உங்கள்ல அம்மாக்குன்னு, பொம்மனாட்டிக்குன்னு ஒரு நாள் உண்டோ?"

"அப்படித் தனியா ஒண்ணும் இல்ல சாமி. பெருநாள் தொழுகை முடிஞ்சா நேரா உம்மாகிட்டப் போவோம், அவ்வளவுதான். என்னை வளர்த்தது மூத்தும்மா, எங்க உம்மாவோட இத்தாத்தா, உங்க பேச்சுல அக்கா. அவங்க இருந்த வரைக்கும் நான் முதல்ல அவங்க வீட்டுக்குத்தான் போவேன். அப்புறம்தான் பெத்தவங்க வீடு."

"உங்கம்மா கோவிச்சுக்கலையா?"

"உம்மாதான் என்னை அனுப்பும். 'மொதல்ல அங்க போடா, இல்லேன்னா அவ சேமியா ஆறிப்போயிடும்'னு." சொல்லிவிட்டு அவன் என் கண்ணாடி டம்ளரில் இன்னும் கொஞ்சம் சாயா ஊற்றினான். எனக்குப் பொறாமையாக இருந்தது, அக்கா. வேறு எதற்கும் நான் ஹம்சாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை.

அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது இந்தக் கேள்வி. மட்டாஞ்சேரியில் இத்தனை ஜாதி, இத்தனை பாஷை, இத்தனை சாமி. ஒவ்வொருவருக்கும் பெண்களுக்கென்று ஒரு நாள் இருக்கிறதாமே. அதில் எதிலாவது உனக்கு இடம் கிடைத்திருக்குமா? பள்ளிக்கூடம் போகாதவன் நான். கிடங்கில் மிளகுச் சாம்பிள் பொட்டலம் கட்டி வந்த பழைய தமிழ் வாரப் பத்திரிகைத் தாளைப் பிரித்துப் பிரித்து எழுத்துக்கூட்டிப் படித்தவன். தெரியவில்லை என்றால் கேட்டுவிடுவேன். இரண்டு நாள் தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

குஜராத்தி ரோட்டு ஹன்ஸாபென்னைக் கேட்டேன். அவர்களுக்கு ஆவணி வாக்கில் ஒரு நாள் வருகிறது. பெற்ற பிள்ளைகளின் நோய் நொடிக்காக அம்மாக்கள் சீதளா தேவியைக் கும்பிடும் நாள். அன்றைக்கு அடுப்பு மூட்டக் கூடாது. எல்லாம் ஆறிய சாப்பாடு. "அடடா, அன்னிக்கு உங்களுக்கு ஓய்வு" என்றேன். "எங்கே ஓய்வு? முதல் நாளே ரெண்டு நாள் சமையலையும் நான்தானே செய்யணும்? ஓய்வு அடுப்புக்குத்தான்" என்று சிரித்தாள். இதைக் கேட்டிருந்தால் நீ எப்படிச் சிரித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. சரி, அந்த நாளில் உனக்கு இடம் உண்டா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "தன் பிள்ளைக்காகச் செய்வது இது" என்றாள். தன் பிள்ளை.

மலையாளிகளின் திருவாதிரை வீட்டுக்காரரின் ஆயுசுக்கு. நம் காரடையான் நோன்பும் அதற்குத்தான். வருஷா வருஷம் மாசி முடிகிற நேரத்தில் அடையை வேகவைத்து இறக்கியது நீ. மஞ்சள் சரடு கட்டிக்கொண்டது மற்றவர்கள். அஞ்சுவின் ஆபீஸில் மார்ச் மாதம் பெண்கள் தினமாம். எல்லோரும் ஊதா நிறத்தில் உடுத்திக்கொண்டு போய்ச் சின்னச் சின்ன கேக் தின்றார்களாம். "யாரு பேசினா?" என்று கேட்டேன். "எங்க மேனேஜர், பெரியப்பா. ஆம்பளை. முக்கால் மணி நேரம்" என்றாள். கேக் தட்டுகளைக் கழுவி வைத்தது அங்கே வேலை செய்கிற ஒரு திருநெல்வேலிப் பெண்ணாம்; அவளுக்குக் கேக் கொடுத்தார்களா என்றேன். அஞ்சு அதை விசாரிக்கவில்லையாம். அடுத்த வருஷம் அவள் கேட்பாள், பார்.

மே மாதத்தில் அம்மாக்கள் தினம் வருகிறது. எல்லோரும் போனில் அம்மாவின் படம் போடுவார்கள். இந்தத் தடவை லலிதாவின் படத்தோடு உன் படத்தையும் போட நினைத்தாளாம் அஞ்சு. வீட்டிலிருக்கிற கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடினாளாம். என் கல்யாணத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் உன் முழங்கை இருக்கிறது. ராமுவின் கல்யாணத்தில் கரண்டி பிடித்த கை மட்டும். கடைசியில் உன் வோட்டர் கார்டைப் படம் பிடித்து, அதிலிருந்த முகத்தைப் பெரிசாக்கித்தான் போட்டாள். சர்க்கார் கேட்டதால் உனக்கு ஒரு முகம் மிஞ்சியது.

ஒரே ஓர் இடம் இருந்தது, இல்லையா? அடுத்த வீட்டு பிலோமினாவோடு நீ ஒரு தடவை பஸ் ஏறித் திருவனந்தபுரத்துக்கு ஆற்றுக்கால் பொங்காலைக்குப் போனாய். நடுரோட்டில் செங்கல் அடுப்பு கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பெண்கள். புகையில் சிவந்த கண்ணோடு திரும்பி வந்து என்னிடம் என்ன சொன்னாய்? "அங்க ஒருத்தரும் கேக்கலைடா மணி, ஆத்துக்காரர் இருக்காரான்னு. தீப்பெட்டி இருக்கான்னுதான் கேட்டா." ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். நீ அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பிலோமினாவிடமும் போனேன். அவளுக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை. சமையலறை வாசல் பெஞ்சிலேயே பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் சர்ச்சில் அம்மாக்கள் தினத்தன்று குர்பானைப் பூசை முடிந்ததும் அம்மாக்களையெல்லாம் எழுந்து நிற்கச் சொல்லி, பிள்ளைகளை விட்டு ரோஜாப்பூ கொடுக்கச் சொல்வார்களாம். "நானும் நின்னேன், பூவும் வாங்கினேன். ஆனா எங்க நாத்தனார் ரோசிக்குப் பிள்ளைங்க இல்ல பாருங்க. அவ மடியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா. பூவைக் கையில வச்சுக்கிட்டு எனக்குத்தான் வெட்கமாப் போச்சு, மணிச்சாமி" என்றாள். எந்த வீட்டுப் பண்டிகையிலும் மடியைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் போலிருக்கிறது.

அப்புறம் அந்தப் பெஞ்சைத் தட்டிக் காட்டிச் சொன்னாள்: "உங்க வீட்ல இந்தப் பூஜை நடக்கிறப்போ எல்லாம் கோமதி சேச்சி இங்கதானே வந்து இருக்கும்? மறந்து போச்சா? விடிகாலையில வடையெல்லாம் சுட்டு வச்சிட்டு, பின்வாசல் வழியா வந்து இருக்கும். எதிர்ல வரக் கூடாதுல்ல, பாவம். உங்க வாசல்ல பேர் கூப்பிடறது இங்க நல்லாக் கேக்கும், தெரியுமா. ஒவ்வொரு பேருக்கும் சேச்சி தலையாட்டும். 'அம்மா வந்துட்டா'ன்னும். 'பெரியம்மா வந்துட்டா'ன்னும்."

எனக்கு இது தெரியாது, அக்கா. நீ ஒளிந்துகொள்வாய் என்று தெரியும். அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய் என்று தெரியாது. நம் அம்மா வந்துவிட்டாள் என்று தலையாட்டிய உனக்கு, என்றைக்காவது உன் பேர் கேட்கும் என்ற நினைப்பு வந்ததா? கேட்காது என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தாயா?

அம்மா என்ற பேரையும் நீ வாங்கிக்கொள்ளவில்லை. ராமு பேச ஆரம்பித்தபோது உன்னை அம்மா என்றான். நீ அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினாய்: "அம்மா அதோ, படத்துல இருக்கா. நான் அக்கா." அவன் திரும்ப அம்மா என்றான். நீ திரும்பக் காட்டினாய். அவன் பழகுகிற வரை காட்டினாய். அன்றைக்கு நீ விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை.

லலிதாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நியாயமாகாது. கடைசி வருஷம் உன்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, கஞ்சி ஊட்டியவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அண்ணா, பேர் தெரியாதவாளும் வாங்கோன்னு சொல்றச்சே நான் அக்காவைத்தான் மனசுல நெனச்சிண்டேன். சத்தியமா."

என் கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியோடு கேட்டேன்: "பேர் தெரிஞ்சவளை ஏம்மா பேர் தெரியாதவாளோட சேத்துக் கூப்பிடணும்?"

"பயமா இருக்குண்ணா. எனக்கு ஒரே பொண்ணு. அவளுக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா, இதனாலதான்னு தோணிண்டே இருக்குமே."

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு தாயின் பயத்தோடு யார் தர்க்கம் பண்ண முடியும்? ஆனால் அவளுக்குப் பின்னால் அஞ்சு வந்து நின்றிருந்ததை அவள் பார்க்கவில்லை. அந்தப் பெண் தன் அம்மாவின் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு சொன்னாள்: "கோமதி அத்தை நம்மாத்துக்கு வந்தா எனக்கு என்னம்மா கெடுதல் வரும்? எனக்கு அம்மை போட்டப்போ பக்கத்துலயே படுத்துண்டவா அவாதானே? என் பேரைச் சொல்லி அவாளை நிறுத்தினதுதான் எனக்குப் பிடிக்கலை."

லலிதா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போளி எடுத்து வச்சிருக்கேன், சாப்பிடுங்கோ" என்றாள். சாப்பிட்டேன்.

ஆற்றுக்காலில் உனக்கு இடமிருந்தது, ஹம்சாவின் பெருநாளில் இருந்திருக்கும். அதனால் உனக்கென்று வேறு நாள் ஒன்று வைத்துவிடலாமே, ஒரு படம் மாட்டி மாலை போடலாமே என்று ராமு நேற்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். முடியாது என்றேன். பக்கத்து வீட்டுப் பெஞ்சில் நீ காலமெல்லாம் உட்கார்ந்தது போதும். உனக்கு வேண்டியது உன் வீட்டு வாசல், உன் வீட்டு இலை. அம்மாவுக்கும் என் மனைவிக்கும் கிடைத்த அதே இலை. இதில் நான் ஒரு அங்குலம் இறங்க மாட்டேன்.

ஆகவே, கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பிரார்த்தனையை இன்னொரு தரம் செய்ய வேண்டும்; அன்று நடக்க வேண்டியதை எல்லோருக்கும் தெரியும்படி இங்கே எழுதிவிடுகிறேன்.

சீதா சித்தி வந்து முறை சொல்ல வேண்டாம். வந்து சாப்பிட்டால் போதும். வராவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, ஆனால் அழைப்பு போக வேண்டும். யாரையும் விட்டுவிட்டு ஒரு காரியம் இனி இந்த வீட்டில் நடக்கக் கூடாது.

புடவை எடுக்க நான் போகிறேன். நீ கட்டாத நிறத்தில் எடுப்பேன். அதை நனைத்து உலர்த்த வேண்டியது அஞ்சு. பூஜை முடிந்ததும் கட்டிக்கொள்ள வேண்டியதும் அவள்தான்.

வடையை அன்றைக்கு ராமு சுட வேண்டும். அவன் ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறான். கருகினாலும் பரவாயில்லை, அந்த இலைக்கு அவன் கையால்தான் போக வேண்டும். அதற்கு முன்னால் அவனுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அஞ்சுவுக்கு மலையாளம் படிக்க வரும், தமிழ் எழுத்து வராது. இந்தக் கடிதத்தை அவளுக்கு அவன்தான் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், ஒரு வரி விடாமல். சுவரில் படம் காட்டிய அந்த இடத்தையும் சேர்த்து. அங்கே மின்விசிறியைப் பார்க்கக் கூடாது.

பிலோமினாவின் நாத்தனார் ரோசியை லலிதா நேரில் போய் அழைத்து வந்து, பெண்களின் வரிசையில் உட்கார வைத்து இலை போட வேண்டும்.

பிறகு லலிதா வாசற்படிக்குப் போக வேண்டும். அம்மாவை அழைத்ததும் அடுத்த பேராக உன் பேரைச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் ஆகாது.

என் வேலை என்னவென்றால், அந்த நேரத்தில் நான் நம் வீட்டில் இருக்க மாட்டேன். பின்வாசல் வழியாகப் போய், பிலோமினாவுக்குப் பக்கத்தில், நீ உட்கார்ந்த அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். "கோமதி அக்கா, வாங்கோ" என்பது அங்கே என் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் எழுந்து போய், இன்னொரு தரம் கூப்பிடு என்பேன். விழுகிற வரைக்கும் சொல்வேன். விழுந்ததும் தலையாட்டிவிட்டு எழுந்து வருவேன், அக்கா. இது என் வாக்கு.

அந்தப் பெஞ்சில் உனக்காகக் காத்திருக்கப் போகிற,
உன் இடுப்பில் இருந்து இறங்காத தம்பி,
மணி